ரேடியோ மாடத்துக் கம்ப்யூட்டர்

சாப்பாட்டு நேரம் என்பதால் தறிகள் நின்றிருந்தன. அதனால்தான் கமலவேணியால் அந்தச் சத்தத்தைப் போன் வழியாகக் கேட்க வைக்க முடிந்தது.

"பேசாத. கேளு" என்றாள். செல்போனைக் கம்ப்யூட்டர் பெட்டிக்கு அருகில் நீட்டியிருக்க வேண்டும். டக். டக். பிறகு சின்னதாக ஓர் இழுப்பு. மறுபடி டக்.

ஆம்பூரில் தன் கம்ப்யூட்டர் கடை மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஜெனிஃபா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். ஹார்ட் டிஸ்க் அப்படிச் சத்தம் போட்டால் நல்ல செய்தி இல்லை.

"அணைச்சிடுங்கக்கா. மறுபடி போடாதீங்க. நான் கிளம்பி வர்றேன்."

"வா. வந்து எடுத்துட்டுப் போ. இது ரெண்டாவது பெட்டி. இன்னும் ஒரு தரம் பார்ப்பேன். அதுவும் போச்சுன்னா மாடத்துல பழையபடி ரேடியோதான். கங்காதரன் இப்பவே அதைத் துடைச்சு வெச்சிக்கினு உட்கார்ந்திருக்கான்."

குடியாத்தத்தில் கமலவேணியின் ஷெட்டில் லுங்கித் தறிகள் ஓடின. ஷெட்டின் வடக்கு ஜன்னலை ஒட்டிச் சுவரில் ஒரு மாடம் இருந்தது. ஒரு முழ அகலம், முக்கால் முழ உயரம். பல வருஷமாக அதில் ஒரு ரேடியோ இருந்தது. தறி ஓடும்போது அது பாடுவது யார் காதிலும் விழாது. ஆனால் கரண்ட் போனால் தறியெல்லாம் நின்றுவிடும், பேட்டரியில் ஓடும் ரேடியோ மட்டும் பாடும். கரண்ட் போவதற்காகவே காத்திருந்து பாட்டுக் கேட்டவர்கள் அந்த ஷெட்டுக்காரர்கள். அந்த மாடத்தைத்தான் கமலவேணி கம்ப்யூட்டருக்கு ஒதுக்கினாள்.

வேறு இடமே இல்லையா என்று ஜெனிஃபா முதலிலேயே கேட்டிருந்தாள். இல்லை என்பதற்குக் கமலவேணியிடம் காரணம் இருந்தது. லுங்கிக் கட்டத்தில் எந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் எந்தக் கலர் வரவேண்டும் என்று திரையில் போட்டுப் பார்ப்பதற்குத்தான் கம்ப்யூட்டர். திரையில் தெரியும் பச்சையையும் கையில் இருக்கும் பச்சை நூலையும் ஒரே வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில்தான் நூல் தன் கலரை மறைக்காமல் காட்டும். ஜன்னலுக்குக் கீழே மானிட்டரை வைக்க ஒரு பலகை போட்டாகிவிட்டது. அதற்கு மேல் தறிக்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் ஒருக்களித்துப் போகும் இடம்தான் மிச்சம். பெட்டி மாடத்துக்குள் போக வேண்டும், இல்லாவிட்டால் ஷெட்டுக்கு வெளியே போக வேண்டும். வெளியே போனால் அதனால் பிரயோஜனமே இல்லை.

அவ்வளவு சின்னப் பெட்டி ஆம்பூரில் மட்டுமில்லை, வேலூரிலும் கிடைக்கவில்லை. ஜெனிஃபா டிரங்க் பெட்டி செய்பவரிடம் தகரம் வெட்டி வாங்கித் தானே கட்டினாள். அவளுடைய கடையில் அளவு சொல்லிக் கேட்கப்பட்ட முதல் வேலை அது. வந்து போகிறவர்களிடமெல்லாம் அதைப் பற்றிச் சொல்லியும் வைத்திருந்தாள். முதலில் கட்டியது போய், இப்போது இரண்டாவதும் டக் டக்கென்கிறது.

மாதனூர் வழியாகப் போகும் பஸ்ஸைப் பிடித்துக் குடியாத்தம் போய்ச் சேர்ந்தாள். தறிகள் மறுபடி ஓடிக்கொண்டிருந்தன. கால் வைத்த இடமெல்லாம் தரை அதிர்ந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் பஞ்சுத் தூசு மெதுவாக மிதந்தது. தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலுக்குக் கஞ்சி போட்டிருப்பார்கள். குறுக்கு நூலைக் கொண்டு போகும் நாடா ஓட ஓட அந்தக் கஞ்சியும் நூலின் மயிரும் சேர்ந்து உதிரும். சும்மா தூசு என்றால் ஊதினால் போய்விடும். இது ஒட்டிக்கொள்ளும்.

முதல் பெட்டி அதனால்தான் போனது. கம்ப்யூட்டருக்குள் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் பவர் சப்ளைக்குக் கடைக்காரர்கள் வாயில் எஸ்.எம்.பி.எஸ். என்று பேர். அதற்குள் ஒரு காற்றாடி உண்டு. முதல் பெட்டியைத் திறந்தபோது அந்தக் காற்றாடி கம்பளிக் குல்லா போட்டதுபோல் பஞ்சு மூடிக் கிடந்தது. அதனால் இரண்டாவது பெட்டியில் தூசு நுழையவே கூடாது என்று ஜெனிஃபா முடிவு கட்டினாள். பக்கத்துக் கடை மஹபூப் பாஷாவிடம் சொன்னாள். ஷூ கம்பெனிகளில் மிஞ்சும் தோல், ரப்பர், லேஸ் எல்லாம் வாங்கி விற்கும் கடை அவருடையது. மெல்லிய லைனிங் தோலைப் பட்டையாக வெட்டி, ஷூவுக்கு ஒட்டும் சொல்யூஷனைத் தடவி, தகரத்தின் ஒவ்வொரு இணைப்பிலும் அவரே ஒட்டிக் கொடுத்தார். காற்றுக்காக முன்னால் உள்ளங்கை அளவு மட்டும் பொடிப்பொடியாகத் துளை போட்ட தோல். ஓட்டப் பந்தய ஷூவில் இருக்குமே, அந்த மாதிரி. ஆம்பூர்க்காரர்களைத் தவிர வேறு யாருக்கும் கம்ப்யூட்டருக்கு ஷூ தைக்கத் தோன்றியிருக்காது.

இப்போது அந்தப் பெட்டியை மாடத்திலிருந்து எடுக்கக் கையை உள்ளே விட்ட ஜெனிஃபா வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். அணைத்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியும் தகரம் சுட்டது.

"இட்லி வேகுமா பாருங்கம்மா" என்றான் பக்கத்துத் தறியிலிருந்த கங்காதரன். தறிச் சத்தத்தை மீறிப் பேசிப் பேசி அவனுக்கு எப்போதுமே கத்தல் குரல்.

"உன் தறியைப் பாரு கங்கா" என்றாள் கமலவேணி.

"நான் இன்னா சொன்னேன். ரேடியோ ஒரு நாளும் இப்படிச் சுட்டதில்லன்னு சொன்னேன்."

ஜெனிஃபா பெட்டியைத் திறந்தாள். உள்ளே ஒரு பொட்டுத் தூசு இல்லை. புதுசாக அப்படியே இருந்தது. கமலவேணி எட்டிப் பார்த்தாள்.

"தூசு இல்லியே. அப்புறம் ஏன் போச்சு?"

"தூசு வரலக்கா. காத்தும் வரல." ஜெனிஃபா ஹார்ட் டிஸ்க்கைத் தொட்டுக் காட்டினாள். அது எஸ்.எம்.பி.எஸ்ஸின் தலைமேல் உட்கார்ந்திருந்தது. "இடம் பத்தலன்னு இதை அது மேலயே வெச்சேன். அடுப்பு மேல பானை வெச்ச மாதிரி. இதுக்குள்ள ஒரு தட்டு சுத்திக்கினே இருக்கும். ஒரு சின்னக் கை அது மேல கோடு பிடிச்சுப் படிக்கும். சூடு ஏறினா எல்லாம் கொஞ்சம் விரியும், கைக்குக் கோடு தவறிப்போகும். உடனே ஆரம்பிச்ச இடத்துக்குப் போய் மறுபடி தேடும். நீங்க கேட்ட டக்கு அதுதான்."

கமலவேணிக்குக் கோடு தவறுவது புரிந்தது. நூல் அறுந்தால் தறியை நிறுத்தி அறுந்த இடத்திலிருந்து மறுபடி கோர்க்க வேண்டியதுதானே. "என் டிசைனெல்லாம் அதுக்குள்ளதான இருக்கு?" என்றாள். குரலில் கோபம் கொஞ்சம் குறைந்து கவலை ஏறியிருந்தது.

"ஆறினா எடுத்துடலாம்னு நினைக்கிறேன்."

"நினைக்கிறியா."

"எடுத்துத் தர்றேன்கா."

அன்று சாயங்காலம் ஜெனிஃபா சொன்னபடி செய்தாள். ஹார்ட் டிஸ்க்கைத் தனியாக மேஜைமேல் வெறுமனே படுக்க வைத்து, டேபிள் ஃபேனை அதன்மேல் திருப்பிவிட்டாள். ஆறிய டிஸ்க் சமர்த்தாகப் படித்தது. லுங்கிக் கட்டங்கள் ஒவ்வொன்றாக சி.டி.க்கு இறங்கின. கமலவேணிக்குப் போன் போட்டு அதைச் சொன்னபோது, "சரி, பெட்டி?" என்ற ஒரே கேள்விதான் பதிலாக வந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. புதுத் தகரம் வெட்டுவதற்கு முன்னால் அட்டையில் கட்டிப் பார்த்துவிடலாம் என்று ஜெனிஃபாவுக்குத் தோன்றியது. பாஷா கடையில் காலி ஷூ அட்டைப் பெட்டிகளுக்குப் பஞ்சமில்லை. ஆண்கள் பூட்ஸ் வரும் பெரிய பெட்டி ஒன்று ஏறக்குறைய மாடத்தின் அளவே இருந்தது.

பாஷா மேஜையோரம் வந்து நின்றார். தன் தோல் பட்டைகள் பிய்த்துப் போடப்பட்டிருப்பதைப் பார்த்துவிட்டார்.

"நம்ம வேலையில இன்னா குத்தம்? ஒரு பொட்டுத் தண்ணி போவாது அதுல."

"அதான் பாய் குத்தம். கடலுக்குள்ள போட்டாலும் ஓடியிருக்கும்."

"பேஜாரு பண்ணாத. ஷூன்னா அப்படித்தான் ஒட்டணும்."

"ஷூவுக்குள்ள கால்தான் பாய் இருக்கு. இதுக்குள்ள அடுப்பு இருக்கு."

அவர் சிரித்துக்கொண்டே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஜெனிஃபா ஷூ பெட்டிக்குள் ஒவ்வொன்றாக அடுக்கினாள். நடுவில் மதர்போர்டு. பின்பக்கத்தில் சின்ன அளவு எஸ்.எம்.பி.எஸ்., எல்லாக் கம்ப்யூட்டரிலும் இருப்பதுபோல் காற்றாடி பின்னால் பார்க்க. முன்னால் ஒரு வட்டம் வெட்டி அதில் இன்னொரு காற்றாடி, அதை ஒட்டி ஹார்ட் டிஸ்க். இந்த முறை டிஸ்க் அடுப்பின் தலைமேல் இல்லை, பெட்டியின் மறுகோடியில். குளிர்ந்த காற்று முதலில் அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போகும். மேஜைமேல் சி.டி.யும் வயரும் பரவிக் கிடந்ததால் ஷூ பெட்டியைச் சுவர் அலமாரியின் ஒரு தட்டில் தள்ளி வைத்து ஓடவிட்டாள். அரை மணி கழித்துத் தொட்டுப் பார்த்தாள். டிஸ்க் சூடாகத்தான் இருந்தது. நேற்றைய அளவு இல்லை, ஆனாலும் சூடு.

ஏன் என்று அவளுக்குப் பிடிபடவில்லை. காற்று உள்ளே போக வழி இருக்கிறது, வெளியே போகவும் வழி இருக்கிறது.

வெள்ளிக்கிழமைகளில் அந்தத் தெருவில் கடைகளுக்குச் சாம்பிராணி போடுகிறவர் வருவார். பச்சைத் தலைப்பாகை, ஒரு கையில் புகையும் தூபக்கால், மறு கையில் மயிலிறகு விசிறி. பாஷா கடையில் போட்டுவிட்டு ஜெனிஃபா கடையிலும் ஒரு சுற்றுப் போட்டுவிட்டுப் போவார். அவள் சர்ச்சுக்குப் போகிறவள் என்பது அவருக்குத் தெரியும். அவள் கடைச் சுவரில் இயேசு படம் போட்ட காலண்டர் தொங்குவதும் தெரியும். புகைக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது என்பார்.

"பாபா, அந்த அலமாரிக்குப் போடுங்க. அதுக்குத்தான் கண்ணு பட்டிருக்கு" என்றார் பாஷா.

அவர் தூபக்காலை அலமாரித் தட்டுக்கு நேராக உயர்த்தி விசிறியால் புகையைத் தள்ளினார். புகை ஷூ பெட்டியின் முன்வட்டத்துக்குள் சரேலென்று நுழைந்தது. அட்டை மூடியின் இடுக்கருகே வந்த புகை மட்டும் உள்ளே போகாமல் வெளியே தள்ளப்பட்டது. முன் காற்றாடி வலுவானது, பின்னால் இருப்பது மெதுவானது. உள்ளே வரும் காற்று ஜாஸ்தி, வெளியே போவது கம்மி. அதனால் மிஞ்சிய காற்று இடுக்கு வழியாக வெளியேதான் கசிந்தது. ஜெனிஃபா அதைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். இடுக்கு எதையும் ஒட்டவே வேண்டாம். காற்றை உள்ளே தள்ளினால் போதும், தூசுக்கு இருக்கும் ஒரே வாசல் முன்வட்டம்தான். அந்த வாசலில் மட்டும் வடிகட்டி போட்டால் முடிந்தது.

அப்புறம்தான் மற்றதைப் பார்த்தாள். பெட்டியின் பின்னால் துப்பப்பட்ட புகை அலமாரியின் பின்பலகையில் மோதியது. போக வழியில்லாமல் மேலே எழும்பி, மூடியின் மேல் உருண்டு, முன்னால் வந்து, மறுபடி அதே வட்டத்துக்குள் போனது.

"இன்னும் கொஞ்சம் போடுங்க பாபா."

"இன்னும் போடணுமா?"

"துப்பினதையே திரும்பக் குடிக்குது பாருங்க."

சாம்பிராணிக்காரர் குனிந்து பார்த்தார். இன்னொரு பிடி சாம்பிராணியைத் தணலில் தூவினார். "போதும் போதும்னு சொல்ற கடையத்தான் பார்த்திருக்கேன். கேட்டு வாங்குற கடை இது ஒண்ணுதான்."

அவர் போன பிறகும் ஜெனிஃபா அலமாரியைப் பார்த்தபடியே நின்றாள். இந்தத் தட்டு மாதிரித்தான் அந்த மாடமும். மூன்று பக்கமும் சுவர், முன்னால் மட்டும் திறப்பு. இரண்டு பெட்டியிலும் எஸ்.எம்.பி.எஸ்ஸின் முதுகைப் பின்னால் பார்க்க வைத்துச் சுவரோடு ஒட்டியிருந்தாள். எல்லோரும் அப்படித்தான் வைப்பார்கள். அவள் கற்றுக்கொண்ட இடத்திலும் அப்படித்தான். மேஜைமேல் இருக்கிற பெட்டிக்கு அது சரி. பின்னால் வெட்ட வெளி இருக்கும். மாடத்துக்கு முன்னும் பின்னும் ஒரே பக்கம்தான்.

"பாய், எஸ்.எம்.பி.எஸ்ஸைத் திருப்பணும்."

"திருப்பேன். யாரு வேணாம்னது."

"பாக்க நல்லா இருக்காது."

"மாடத்துக்கு மாப்பிள்ளையா பார்க்கப் போறே?"

அடுத்த வாரம் முழுக்க அவள் அதிலேயே இருந்தாள். புதுத் தகரப் பெட்டியில் மூன்று சாமான்களும் ஒரே முகத்தைப் பார்த்தன. முன்னால் இடது கீழ்மூலையில் காற்று நுழையும் வட்டம். நடுவில் போர்டின் வயர் செருகும் துளைகள். வலது மேல்மூலையில் திருப்பி வைத்த எஸ்.எம்.பி.எஸ்., காற்றாடியும் கரண்ட் வயரும் நம்மைப் பார்க்க. காற்று இடது கீழே நுழைந்து, டிஸ்க்கைத் தடவி, பின்சுவர் வரை போய் வளைந்து, சூட்டை வாரிக்கொண்டு வலது மேலே வெளியே வரும். குளிர்ந்தது கீழே, சூடானது மேலே. சூட்டுக்கு எப்படியும் மேலே போகத்தான் பிடிக்கும், அதை ஏன் தடுக்க வேண்டும்.

டிஸ்க்கிலிருந்து போர்டுக்குப் போகும் வயர் பட்டையாக, பெல்ட் மாதிரி அகலமாக இருக்கும். அப்படியே விட்டால் பெட்டிக்குள் குறுக்குச் சுவர் கட்டியதுபோல் காற்றை மறித்துவிடும். அதை மடித்துத் தரையோடு படுக்க வைத்தாள். எஸ்.எம்.பி.எஸ்ஸிலிருந்து வரும் வயர்களில் பாதி இந்தப் பெட்டிக்குத் தேவையில்லாதவை. அவற்றைச் சுருட்டி ஷூ லேஸால் கட்டி ஒரு மூலையில் ஒதுக்கினாள். தறி அதிர்வுக்காக டிஸ்க்கின் திருகுகளுக்கு அடியில் ஷூ அடிப்பாகத்து ரப்பரை வளையமாக வெட்டிப் போட்டாள். முதலில் போட்ட ரப்பர் மெத்தென்று இருந்ததால், டிஸ்க் தன் தட்டு சுழலும் வேகத்துக்குத் தானே ஆட ஆரம்பித்தது. அதை எடுத்துவிட்டுக் கொஞ்சம் கெட்டியான ரப்பராகப் பார்த்துப் போட்டாள்.

வடிகட்டிக்குப் பாஷா தன் கடையிலிருந்து ஒரு துண்டு நுரைப் பஞ்சு கொண்டு வந்தார். ஷூவின் நாக்குக்குள் வைத்துத் தைப்பார்களே, அது. ஊதினால் மறுபக்கம் காற்று வந்தது. தூசு வரவில்லை. அப்புறம், கேட்காமலேயே, கெட்டித் தோலில் ஒரு நாக்கு வெட்டி ஓரம் தைத்து எடுத்து வந்தார். நுழையும் வட்டத்துக்கும் வெளியேறும் காற்றாடிக்கும் நடுவே அது முன்னால் நீட்டிக்கொண்டிருந்தால், வெளியே போகும் சூடு கீழே இறங்கி மறுபடி உள்ளே போகாது.

"தோலே வேணாம்னு சொல்லிடுவியோன்னு பார்த்தேன்" என்றார்.

"இது இல்லன்னா ஓடாது பாய்" என்றாள் அவள். அதில் பொய் இல்லை.

குடியாத்தத்தில் பெட்டியை மாடத்தில் வைத்ததும் கங்காதரன் தறியை நிறுத்திவிட்டு வந்து பார்த்தான்.

"இன்னாம்மா, பின்பக்கத்தை முன்னால வெச்சிருக்கீங்க. வயரெல்லாம் மூஞ்சியில தொங்குது. நாக்கு வேற நீட்டுது."

"அதுக்கு மூக்கும் வாயும் ஒரே பக்கம் அண்ணா. நமக்கு இருக்கிற மாதிரி."

கமலவேணி சிரிக்கவில்லை. "பொங்கல் சரக்கு முடியறவரைக்கும் பார்ப்போம்" என்றாள்.

பொங்கல் சரக்கென்றால் ஷெட்டில் எந்நேரமும் தறி ஓடும். அவ்வளவு பஞ்சு வேறு எப்போதும் பறக்காது. அந்த வாரங்களில் போன் அடித்த போதெல்லாம் ஜெனிஃபா பேர் பார்த்துவிட்டுத்தான் எடுத்தாள். கமலவேணி ஒரே ஒரு தடவை கூப்பிட்டாள், அதுவும் பிரிண்டர் மை கேட்டு.

பொங்கல் கழிந்து ஒரு மத்தியானம் ஜெனிஃபா போனாள். பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. அவள் கையை உள்ளே விட்டுத் தகரத்தின் மேல் வைத்தாள். கை அங்கேயே இருந்தது. காய்ச்சல் விட்ட நெற்றி மாதிரி மிதமான சூடு.

"நீங்களே திறங்கக்கா" என்றாள்.

கமலவேணி பெட்டியை அணைத்துவிட்டு முதலில் நுரைப் பஞ்சை உருவினாள். அதன் முகத்தில் பஞ்சும் கஞ்சியும் சேர்ந்து பச்சை பாரித்த ஒரு சாம்பல் நிறக் கம்பளம் ஒட்டியிருந்தது. விரலால் பிடித்து இழுத்ததும் மொத்தமாக ஒரே துண்டாக வந்தது. அதைத் தூக்கிக் கங்காதரனிடம் காட்டினாள்.

"தலையணைக்கு ஆவுமா?"

"பச்சை கலர் கொஞ்சம் ஜாஸ்தி" என்றான் கங்காதரன்.

பிறகு கமலவேணி மூடியைத் திறந்து, தோளில் கிடந்த வெள்ளைத் துண்டின் முனையால் உள்ளே டிஸ்க்கைச் சுற்றித் துடைத்தாள். துண்டைத் திருப்பிப் பார்த்தாள். வெள்ளையாகவே இருந்தது. இன்னொரு தடவை, எஸ்.எம்.பி.எஸ். பக்கம் துடைத்துப் பார்த்தாள். மூடியைப் போட்டாள். சோப்புத் தண்ணியில் அலசிக் காயவைத்திருந்த மாற்றுப் பஞ்சை ஜெனிஃபா பொருத்தியதும் பெட்டி மறுபடி எழுந்தது.

"இது மேல எதனா வெக்கலாமா? சுடுமா?" என்றாள் கமலவேணி, ரொம்ப யோசித்த மாதிரி.

"தாராளமா வெக்கலாம்கா. மேல ஓட்டையே இல்ல. அதுக்கு வேலையெல்லாம் முன்னாலதான்."

"கங்கா. அதை எடுத்தா."

மாடத்தில் பெட்டிக்கு மேல் அரைச் சாண் இடம் மிச்சம் இருந்தது. ரேடியோ படுக்கை வாட்டில் அதற்குள் அளவாகப் போய் உட்கார்ந்தது. ஜெனிஃபா அதை ஹார்ட் டிஸ்க் இல்லாத வலது பக்கமாகத் தள்ளி வைத்தாள்.

"ரேடியோ ஸ்பீக்கர்ல காந்தம் இருக்கு அண்ணா. இதுக்குக் கீழ இறக்கி மானிட்டர் பக்கத்துல மட்டும் வெச்சுடாதீங்க. திரையில பச்சை நீலமாத் தெரியும். அக்கா நீலத்துல லுங்கி நெய்ஞ்சுடுவாங்க."

"நெய்ஞ்சா நான் கட்டிக்கிறேன்" என்றான் கங்காதரன்.

கமலவேணி திரைமுன் உட்கார்ந்து, கையில் ஒரு நூல்கண்டை வைத்துக்கொண்டு ஒரு கட்டத்தில் மெரூனை மாற்றிக்கொண்டிருந்தாள். "தம்பி ஷெட்டுலயும் இந்த மாதிரி ஒரு மாடம் இருக்கு" என்றாள் திரும்பாமலேயே. "அது இன்னும் சின்னது."

"எவ்ளோ சின்னது?"

பதில் வருவதற்குள் கரண்ட் போனது. ஒவ்வொரு தறியாக இழுத்து இழுத்து நின்றது. பலகைக்கு அடியிலிருந்த யு.பி.எஸ். பேட்டரி கீச்சென்று ஒரு தடவை கத்தியது. திரை அணையவில்லை. ஷெட் முழுக்க அமைதியான பிறகு மாடத்திலிருந்து ஒரு சத்தம் கேட்டது. இரண்டு காற்றாடிகளின் மூச்சு, அதற்கு அடியில் ஹார்ட் டிஸ்க்கின் மெல்லிய ரீங்காரம். ஜெனிஃபா தலையைச் சாய்த்துக் கேட்டாள். எங்கேயும் தடங்கல் இல்லை. டக்கென்று ஒன்றுமே வரவில்லை.

கங்காதரன் கையை நீட்டி ரேடியோவின் குமிழைத் திருகினான். பாட்டு வரவில்லை. தென்னை மரத்தில் வண்டு விழுந்தால் என்ன மருந்து அடிக்க வேண்டும் என்று ஒருவர் நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஷெட்டில் யாருக்கும் தென்னந்தோப்பு கிடையாது. ஆனாலும் எல்லோரும் தறிமேல் சாய்ந்துகொண்டு கேட்டார்கள். கமலவேணி இரண்டு கைகளையும் விரித்து, தம்பி ஷெட்டு மாடத்தின் அளவைக் காற்றில் காட்டினாள்.